தோட்டத்தின் பெயர்

‘தோட்டம்’ என்னும் சொல் தமிழகத்தாருக்கு ஒரு பொருளையும் நமக்கு வேறொரு பொருளையும் தருவதாகும். அவர்களுக்கு அது வீட்டின் பின்புறத்துக் கத்தரியும் வெண்டையும். மிஞ்சினால் ஒரு கிணறும் ஏற்றமும். மலேசியத் தமிழனுக்கோ அது ஓர் உலகம். லயமும், பெரட்டுக்களமும், மாரியம்மன் கோயிலும், தமிழ்ப்பள்ளியும், மருந்தகமும், இடுகாடும் அதற்குள் அடங்கும். கள்ளுக்கடையும் அடங்கும். கோல லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆற்றின் கரையில் அமைந்த எங்கள் பந்திங் நகரைச் சுற்றி இத்தகைய உலகங்கள் பல இருந்தன. சில இன்னும் இருக்கின்றன. கேரித் தீவு, புருக்லண்ட்ஸ், ஜுக்ரா என்று அவற்றின் பெயர்களைச் சொல்லும்போதே, அங்குப் பிறந்து வளர்ந்தவர்களின் முகங்கள் எம் போன்ற ஆசிரியர்க்கு நினைவில் எழும்.

பிரெஞ்சு மொழியிலும் இப்படியொரு சொல் உண்டு என்பதை நான் மிகத் தாமதமாகவே அறிந்தேன். ‘ஷாதோ’ என்பது அச்சொல். அகராதி அதற்குக் கோட்டை, மாளிகை என்று பொருள் கூறும். ஆனால் போர்தோ வட்டாரத்தில் ‘ஷாதோ’ என்றால் கொடிமுந்திரி விளையும் நிலமும், மது வடிக்கும் கொட்டிலும், முதிர வைக்கும் நிலவறையும், உரிமையாளர் மனையும் சேர்ந்த முழுத் தோட்டமே ஆகும். மாளிகையின் பெயரைச் சொல்லி மண்ணைக் குறிக்கும் வழக்கு அது. நம் இலக்கணத்தார் இதனை ஆகுபெயர் என்பர்.

இதனை நான் அறிந்துகொண்டதற்கு ஒரு வெறும் புட்டியே காரணம். எங்கள் பள்ளியில் படித்து, இன்று கோலாலம்பூரில் ஒரு பெரிய தங்கும் விடுதியின் உணவுப் பகுதியில் பணியாற்றும் இளைஞன் ஒருவன், சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் காண வந்தான். விருந்தொன்றில் திறந்து காலியான ஒரு மதுப்புட்டியைக் கழுவித் துடைத்துத் தாளில் சுற்றிக் கொண்டு வந்திருந்தான். “ஐயா, இதிலே இருந்ததோட விலை என்னோட ஒரு மாசச் சம்பளத்தைவிட அதிகம். உள்ளே இருந்ததை நான் தொடல. மேலே ஒட்டியிருக்கிறதைப் படிச்சுச் சொல்லுங்க” என்றான். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனிடம் மதுப்புட்டியைக் கொண்டுவரும் துணிவு நல்ல மாணவனுக்கே வரும். அது பள்ளி வளாகத்தில் இருத்தல் ஆகாது என்று ஆசிரியை ஒருவர் முகம் சுளித்தார். அவர் சுளித்தது நியாயமே. வீட்டிற்கு எடுத்துச் சென்று மேசைமேல் வைத்துப் படித்தேன்.

புட்டியின் மேல் ஒரு மனையின் ஓவியம். கீழே ‘ஷாதோ ஓ-பிரியோன்’ என்று தோட்டத்தின் பெயர். பழம் பறித்த ஆண்டு. பெசாக்-லெயோஞான் என்னும் வட்டாரத்தின் பெயர். தோட்டத்திலேயே புட்டியில் அடைக்கப்பட்டது என்னும் உறுதிமொழி. எந்தச் சுவை, எந்த மணம், எந்த நோய்க்கு நன்று என்ற விளம்பரம் ஒன்றும் இல்லை. எந்த மண், எந்த ஆண்டு என்னும் இரண்டையும் சொன்னால் போதும், மற்றதை அறிந்தவன் அறிவான் என்பது போல் இருந்தது அதன் நடை. சுருங்கச் சொல்லல் என்று நன்னூலார் கூறும் அழகினை ஒரு மதுப்புட்டியின் மேல் காண்பேன் என்று நான் எண்ணியதில்லை.

நான் மது அருந்துபவன் அல்லன். ஆகவே சுவையைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தின் வரலாறு என்னைப் பிடித்துக் கொண்டது. 1525ஆம் ஆண்டில் ழான் தெ போந்தாக் என்பவருக்குத் திருமணத்தின் வழியே கிடைத்த நிலம் அது. 1549இல் அவர் அங்கு மனை கட்டினார். 1663ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் இலண்டன் மதுக்கடை ஒன்றில் அதனைச் சுவைத்த சாமுவேல் பீப்ஸ் என்பவர், அதன் பெயரைக் காதால் கேட்டபடி ‘ஹோ பிரையன்’ என்று தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஆங்கிலத் துரைமார் இட்ட தோட்டப் பெயர்களை நம் பாட்டிமார் தம் நாவிற்கேற்பத் திரித்தமைக்கு ஆங்கிலேயர் நகைத்ததுண்டு. அவர்தம் நாட்டுப் பேரறிஞரே பிரெஞ்சுப் பெயரைத் திரித்திருக்கிறார் என்பதில் எனக்கொரு சிறு மகிழ்ச்சி! பீப்ஸ் எழுதிய மூன்றாண்டுகளில் இலண்டன் மாநகர் பெருந்தீயில் வெந்தது. அதன்பின் போந்தாக் குடும்பத்தார் அந்நகரில் தம் குடும்பப் பெயரிலேயே ஓர் உணவகம் திறந்து, தம் தோட்டத்து மதுவைத் தாமே விற்றனர். 1855ஆம் ஆண்டு பாரிசுப் பெருங்கண்காட்சிக்காகப் போர்தோ மதுத் தரகர்கள் தோட்டங்களை வரிசைப்படுத்தியபோது, முதல் வரிசையில் நின்ற நான்கனுள் மூன்று மெதோக் வட்டாரத்தைச் சேர்ந்தவை. வெளியிலிருந்து இடம்பெற்றது ஓ-பிரியோன் ஒன்றே. அந்தப் பட்டியல் இன்றளவும் வழக்கில் உள்ளது. உடைமை பல கைகள் மாறியது. உரிமையாளர் ஒருவர் புரட்சிக் காலத்தில், 1794இல், தலை வெட்டுண்டார். 1935இல் அமெரிக்க வங்கியாளர் கிளாரன்சு தில்லன் அதனை வாங்கினார்; இன்றும் அவர் வழியினரிடமே உள்ளது. உரிமையாளர் எவராயினும் தோட்டத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

சிவப்பு மது எங்ஙனம் சிவப்பாகிறது என்பதையும் படித்தேன். கருங்கொடிமுந்திரியின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. நிறம் தோலில் இருக்கிறது. எனவே பழத்தை நசுக்கித் தோலோடும் விதையோடும் சாற்றை இரண்டு மூன்று வாரம் ஊற விடுகின்றனர். சர்க்கரை மதுவாக மாறும் அவ்வேளையில் தோலின் நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்குகின்றன. அந்தத் துவர்ப்புத்தான் மதுவைப் பல பத்தாண்டு கெடாமல் காக்கும் முதன்மையான பொருள்களுள் ஒன்று. பின்னர் ஓக் மரப் பீப்பாய்களில் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டாண்டு வரை கிடத்துகின்றனர். அறுசுவையுள் துவர்ப்புக்குத் தனியிடம் தந்த மொழி நம்முடையது. ஆங்கிலத்தார் இதனை வாயைச் சுருக்குவது என்று சொல்லக் காண்கிறோம். மாணவர்க்கு இதனை விளக்கும் ஆசிரியர்கள் புட்டியை நாட வேண்டியதில்லை, வாழைப்பூ போதும்.

திராட்சைத் தேறல் தமிழனுக்குப் புதியதும் அன்று. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஊட்ட உண்டு மகிழுமாறு நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துவதை, புறநானூற்றின் 56ஆம் பாடலைப் பயிற்றும் ஆசிரியர் எல்லாரும் அறிவர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அப்பாடலைப் படித்தபோது, அது புலவரின் கற்பனை மிகுதி என்றே வகுப்பில் சிலர் வாதிட்டனர். ஆனால் 1945இல், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அருகே, அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் இரட்டைப்பிடிக் குடுவைகளின் உடைசல்கள் வெளிப்பட்டன. கிரேக்கத்தின் காஸ் தீவு வகையைச் சேர்ந்த மதுக்குடுவைகளும் இத்தாலியக் குடுவைகளும் அவற்றுள் அடங்கும். மது ஆவியாகிப் போயிற்று. குடுவை உடைந்து போயிற்று. பாடலும் ஓடும் ஒன்றுக்கொன்று சான்றாக எஞ்சின.

ஆனால் அரசன் பருகிய தேறலும் தொழிலாளி பருகிய கள்ளும் ஒன்றல்ல.

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நண்பகலில் பால் நிறுத்து, பிற்பகலில் கள்ளுக்கடை வாசலில் நிற்பார். தகரக் கூரை வேய்ந்த சிறு கடை அது. சம்பள நாளில் என் தாயார் என்னை அழைத்து, “அப்பா கடைக்குள்ள போறதுக்குள்ள போயி அரிசிக் காசை வாங்கிட்டு வாய்யா” என்று அனுப்புவார். நான் சென்று அவர் எதிரில் நிற்பேன். அவர் என் முகத்தைப் பாராமல் தாள்களை எண்ணித் தருவார். ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் ஒருநாளும் என் முகத்தைப் பார்த்ததுமில்லை. கள்ளுண்ணாமை அதிகாரத்தை மாணவர்க்கு நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், பெற்ற தாயின் முன்னும் சான்றோர் முன்னும் குடியர் நாணிழந்து நிற்பதை வள்ளுவர் கூறும் இடத்திற்கு வரும்போது, என் தந்தையார் நாணத்தை இழக்கவில்லை என்றே எனக்குத் தோன்றும். நாணம் இருந்ததனால்தான் அவர் தலை கவிழ்ந்தது.

கள்ளின் இயல்பு விரைவு. பாளையிலிருந்து சொட்டும்போதே கலயத்தில் புளிக்கத் தொடங்கும், மாலைக்குள் வெறியேறும், மறுநாள் காடியாகிவிடும். அதனைச் சேமிக்க முடியாது, முதிர வைக்க முடியாது, ஆண்டு எழுதி ஒட்ட முடியாது. அன்று இறக்கியது அன்றே விற்றாக வேண்டும். அன்றைய கூலியை அன்றே செலவழிக்கச் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான பானத்தை எந்த நிருவாகமும் கண்டுபிடித்திருக்க முடியாது. உரிமம் பெற்ற கடையைத் தோட்டத்திற்குள்ளேயே வைத்தவர்கள் இதை அறியாமல் வைத்தார்கள் என்று கூறுவார் கூறுக.

இதனை நம்மவர் உணரவில்லை என்று எவரும் எண்ண வேண்டா. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர், ஆர். எச். நாதன் போன்றோர் துணைநிற்க, வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு மட்டும் இருக்கவில்லை. துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் இழிவு ஒழிய வேண்டும் என்று கேட்டனர். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று கேட்டனர். பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும் என்று கேட்டனர். ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக இவை இடம்பெற்றன. படை கொண்டு அந்த வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது, உயிர்கள் பலியாயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். எழுத்தறிவு குறைந்த மக்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் அத்தலைமுறை, கள்ளுக்கடையையும் பள்ளிக்கூடத்தையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்திருக்கிறது. போருக்குப் பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் எழுந்த தொண்டர் படையும் கள்ளுக்கடைகளையே முதலில் மறித்தது.

மீண்டும் மண்ணுக்கு வருவோம். 1677ஆம் ஆண்டில் ஆங்கில மெய்யியலறிஞர் ஜான் லாக் ஓ-பிரியோன் தோட்டத்தை நேரில் சென்று பார்த்தார். வெண்மணலும் சிறிது சரளையும் கலந்த அந்நிலம் எதற்கும் உதவாது என்றே கண்டவர் எண்ணுவர் என்பது அவர் குறிப்பு. இடையே ஒரு வாய்க்காலே கிடந்தாலும், அப்புறத்து நிலத்தின் மது இதற்கு ஈடாகாது என்று உள்ளூர் வணிகர் கூறியதையும் அவர் எழுதியுள்ளார். சரளைக்கல் நீரைத் தேக்காது. பகல் வெப்பத்தை இரவுக்குச் சேமித்துத் தரும். வேர் நீரைத் தேடி ஆழ இறங்கும். வளமற்ற மண்ணே நல்ல பழத்தைத் தருகிறது என்று அந்நாட்டார் விளக்குகின்றனர். இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. இந்தத் தோட்டம் இன்று நாட்டுப்புறத்தில் இல்லை. போர்தோ நகரம் வளர்ந்து வளர்ந்து நாற்புறமும் அதனைச் சூழ்ந்துகொண்டது. வீடுகளுக்கும் சாலைகளுக்கும் நடுவே, ஏறத்தாழ ஐம்பது எக்டேர் நிலத்தில், கொடிகள் அப்படியே நிற்கின்றன. அந்த மனைவிலைக்கு எத்தனை அடுக்குமாடிகள் எழுப்பியிருக்கலாம்! எழுப்பவில்லை.

நம் பக்கத்திலும் ஒரு புகழ்பெற்ற தோட்டம் இருந்தது. பிராங் பெசார் என்பது அதன் பெயர். முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆங்கிலேயப் படையினர் 1921இல் தொடங்கியது. ‘பெரும்போர்’ என்பதே அப்பெயரின் பொருள். உயர்ந்த பால் தரும் ஒட்டுரப்பர் வகைகளை அங்கு உருவாக்கினர். 1990களில் அந்நிலத்தில் புத்ராஜெயா எழுந்தது. நாட்டுக்கு நிருவாகத் தலைநகர் வேண்டியதே. அதனை நான் குறைகூறவில்லை. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். ‘பி.பி. 260’ என்னும் ரப்பர் வகை பல நாடுகளில் நடப்படுகிறது. அந்த இரண்டு எழுத்துகள் பிராங் பெசாரின் முதலெழுத்துகள். மரத்தின் பெயரில் தோட்டம் எஞ்சியிருக்கிறது. அங்குப் பால் வெட்டியவர்கள் எந்தப் பெயரில் எஞ்சியிருக்கிறார்கள்?

காரணத்தை ஆராய்ந்தால் அது பண்டத்தின் இயல்பிலேயே இருக்கிறது. ரப்பர் எந்தத் தோட்டத்தினதாயினும் ஆலையில் ஒன்றே. தரம் பிரிப்பார்கள், இடம் பிரிப்பதில்லை. செம்பனைக் குலைகளும் அவ்வாறே. ஆலையில் வேகும்போது புருக்லண்ட்ஸ் என்றும் ஜுக்ரா என்றும் வேறுபாடு இல்லை. எண்ணெய்ப் புட்டியில் எந்தத் தோட்டத்தின் ஓவியமும் இராது. வேடிக்கை என்னவெனில், இந்தச் செம்பனையை நம் நாட்டில் வணிகப் பயிராக முதன்முதல் நட்டவரே கொடிமுந்திரி நாட்டுக்காரர்தாம். கொன்யாக் வட்டாரத்துப் பார்பெசியே ஊரில், மது வணிகர் குடும்பத்தில் பிறந்த ஆன்றி ஃபோகோனியே, 1917இல் கோல சிலாங்கூர் பகுதியில் தென்னமரம் தோட்டத்தில் அதனை நட்டார். பின்னர் இந்நாட்டுத் தோட்ட வாழ்வை ‘மலேசி’ என்னும் புதினமாக எழுதி, 1930இல் பிரெஞ்சு நாட்டின் கோன்கூர் பரிசு பெற்றார். தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டம், பிரெஞ்சு முதலாளி, ஆப்பிரிக்க மரம், தமிழ்க் கைகள். ஃபோகோனியேவின் ஊரில் மதுவுக்கு ஊர்ப்பெயரே உயிர். இங்கு அவர் நட்டதோ பெயரற்ற பண்டம்.

இடத்தின் பெயர் சட்டத்தால் காக்கப்பட்டால் பண்டத்தின் மதிப்பும் காக்கப்படும். பிரெஞ்சுக்காரர் 1935 முதல் அதற்கென ஓர் அமைப்பே வைத்துள்ளனர். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் சரவாக் மிளகுக்கும் அவ்வுரிமை உண்டு. தோட்டம் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தனார் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டே கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கச் செய்தார். மண்ணை உழைப்பவன் பெயருக்கு மாற்ற நாம் செய்த பெருமுயற்சி அது. இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். ஓ-பிரியோன் புட்டியிலும் பழம் பறித்தவரின் பெயர் இல்லை. தெல்மாஸ் குடும்பத்தார் மூன்று தலைமுறையாக அத்தோட்டத்தின் மேலாளராக இருந்தமையை உலகம் அறியும். கூடை சுமந்தவர்களை எவர் அறிவார்?

பெயர் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம், அண்மையில் பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்த ஒரு தீர்மானம். எந்தப் பள்ளி என்பது வேண்டா. தோட்டம் விற்கப்பட்டு, பள்ளி வீடமைப்புப் பகுதிக்கு இடம்பெயர்ந்த பின்னும், அதன் பெயரில் ‘லாடாங்’ என்ற சொல்லும் பழைய தோட்டத்தின் பெயரும் ஒட்டியிருக்கின்றன. அச்சொல்லை நீக்க வேண்டும் என்றார் ஒரு தந்தை. “தலைமையாசிரியர் ஐயா, என் மகள் நாளைக்கு எங்கே போய் விண்ணப்பம் எழுதினாலும் தோட்டத்துப் பிள்ளை என்று தெரியணுமா? நாங்க பட்டது போதாதா?” அவர் குரலில் சினம் இல்லை, களைப்பே இருந்தது. அதனை எதிர்த்துப் பேச எவர்க்கும் எளிதாய் வாய் வரவில்லை. அழைக்கப்பட்டுச் சென்றிருந்த எனக்கும் வரவில்லை. பின்னர் ஒரு மூதாட்டி எழுந்து, தோட்டம் போயிற்று, கோயில் போயிற்று, புதைத்த இடமும் போயிற்று, பலகையில் இருக்கும் எழுத்தும் போனால் தன் பிள்ளைகளிடம் எதைக் காட்டி நாங்கள் இங்கிருந்தோம் என்று சொல்வது என்று கேட்டார். தீர்மானம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது.

என் கருத்து மூதாட்டியின் பக்கமே. ஆனால் அந்தத் தந்தையின் வினாவிற்கு விடை சொல்லாமல் பெயரை மட்டும் காப்பது முறையாகாது என்றும் அவ்வமயம் கூறினேன். ஓ-பிரியோன் என்ற பெயர் பெருமை தருவது, அதன் பின்னே ஐந்நூறாண்டுக் கதையைச் சொல்வார் இருப்பதனால். நம் தோட்டத்துப் பெயர் சிறுமை தருவதாகத் தோன்றுவது, கதை இல்லாமையால் அன்று. கேட்பாரும் எழுதுவாரும் இல்லாமையால். ஆகவே ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு அப்பள்ளி ஆசிரியர்கள் ஒரு வேலை தந்தனர். பழைய தோட்டத்தில் எந்தக் காட்டிற்கு எந்தப் பெயர் வழங்கிற்று என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதி வர வேண்டும். போர்தோவில் கொடிமுந்திரித் துண்டு நிலங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. நமக்கும் உண்டு என்பது அப்போதுதான் பலர்க்குத் தெரிந்தது. ஆத்தோரக் காடு, பள்ளத்துக் காடு, கோயில் காடு, கிராணி வீட்டுக் காடு, பாம்புக் காடு என்று முதல் வாரத்திலேயே பதினான்கு பெயர்கள் வந்தன. ‘ஒத்தப்பனைக் காடு’ எங்கிருந்தது என்பதில் இரண்டு பாட்டிமாருக்குள் வழக்கு. ஒருவர் கோயிலுக்குக் கிழக்கே என்றார். மற்றவர் ஆற்றுப் பக்கம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பேரன் ஒருவன் இருவரையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு அந்த இடத்திற்கே சென்றான். வரிசை வீடுகளுக்கு நடுவே இறங்கி, குடை பிடித்துக்கொண்டு இருவரும் நெடுநேரம் நடந்தனராம். கடைசியில் ஒரு கார் பழுதுபார்க்கும் கடையின் முன் நின்று, “இங்கதான்” என்று இருவரும் ஒருமிக்கச் சொன்னதாக அவன் தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறான். கடைக்காரர் அவர்களுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தாராம்.